பட்டாம்பூச்சி பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கும்

தம்பி சென்னையிலிருந்து போன் செய்தான். "அக்கா, செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்கே கிளம்பிடலாம். கூட்டமும் இருக்காது, வெயிலும் இருக்காது." யோசித்துத்தான் சொல்கிறான், பாவம். ஆனால் செவ்வாய்க்கிழமை மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு விடுமுறை. ஆறு மணிக்குப் பட்டாம்பூச்சிக்கும் விடுமுறை.

ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களைப் பெருமாள் சேவை முடிந்ததும் எங்கே அழைத்துப் போவது என்ற கேள்வி வருஷத்துக்கு நாலு தடவையாவது வரும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், வனத்துறை 2015-ல் திறந்த இந்தப் பூங்காதான் என் பதில். ஆனால் முதல் தடவை நான் சொதப்பினேன். சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி. பெரியம்மா குடும்பத்தோடு போய், வியர்த்து வழிந்து, சிமெண்ட் சிலைகளுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். "பூச்சி எங்கடி?" என்று பெரியம்மா இன்னும் கேட்கிறார். இரண்டாவது தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு அதே ஆட்டோவில் வந்தோம்.

அதனால் இந்த முறை திட்டம் என் கையில். டிசம்பர் முதல் வாரம், திங்கட்கிழமை. மழை விட்டுச் செடியெல்லாம் தளதளவென்று இருக்கும் சமயம். ஆனால் முதல் நாள் மழை கொட்டினாலோ, அன்று வானம் மூடியிருந்தாலோ பயணம் ரத்து. பட்டாம்பூச்சியின் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் இறக்கையை விரித்துக் காய்ந்த பிறகுதான் பறக்கும். காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரைதான் அதற்குச் சரியான நேரம். உச்சி வெயில் ஏறினால் நம்மைப் போலவே நிழல் தேடிப் போய்விடும். பறவை பார்க்கிறவர்கள் விடியலில் கிளம்பட்டும். நமக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் போதும்.

போக ஆட்டோ, திரும்பவும் அதே ஆட்டோ. டவுன் பஸ்ஸை நம்பி அந்த வாழைத்தோப்பு ரோட்டில் நான் ஒரு முறை முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது, முட்டி வலி. அவருக்கு ஒரு மடக்கு நாற்காலி. புளியோதரை, தயிர் சாதம், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று தம்பி மனைவியிடம் தனியாகச் சொல்லியாகிவிட்டது.

உள்ளே போனதும் எல்லோரும் வலை போட்ட கூடத்துக்கு ஓடுவார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது வெளியே இருக்கிற நடைபாதைகள்தான். சுற்றிச் சுற்றி நடக்கத் தேவையில்லை. ஓர் எருக்கஞ்செடியையோ கிலுகிலுப்பைச் செடியையோ பார்த்து அதன் பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும். எருக்க இலையைத் திருப்பினால் வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு கிடைக்கலாம். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட உடம்பு, மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. எருக்கம்பாலின் விஷத்தைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதை விட்டுவிடும். தெரிந்துதான் அவ்வளவு ஒய்யாரமாக ஊர்கிறதோ என்று எனக்குத் தோன்றும். காய்ந்த கிலுகிலுப்பைத் தண்டில் வரியன்கள் பத்துப் பதினைந்தாகத் தொங்கும். பெரும்பாலும் ஆண்கள். செடியிலிருந்து அவை உறிஞ்சும் சரக்கில்தான் பெண்ணைக் கவரும் வாசனையே தயாராகிறது. அப்பா போன முறை இதைக் கேட்டுவிட்டு, "செண்டு கடையில கூட்டம்னு சொல்லு" என்றார்.

தம்பியின் அட்டவணையில் பூங்காவுக்குப் பிறகு முக்கொம்பு, அப்புறம் மலைக்கோட்டை, ராத்திரி ரயில். மலைக்கோட்டையை அடித்துவிட்டேன். அந்தப் படிகளை அப்பாவின் முட்டியிடம் யார் சொல்வது? முக்கொம்பு இருக்கட்டும், ஆனால் சாயங்காலம் நாலரைக்கு மேல். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், காற்று நன்றாக வரும். அப்பாவுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போனபோது மறுநாளே போய்ப் பார்த்தவர் அவர். பிரிட்டிஷ் இன்ஜினியர் ஆர்தர் காட்டன் காலத்து அணை. இப்போது பக்கத்திலேயே புது அணை. பேரனை நிற்க வைத்து அந்தக் கதையை முழுக்கச் சொல்வார். அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் நான் கறார். ஆற்றில் இறங்கக் கூடாது. முழங்கால் தண்ணீர்தானே என்று தோன்றும். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது. கரையில் பிறந்து வளர்ந்த நாங்களே இறங்குவதில்லை.

தம்பி மகனுக்கு எட்டு வயது. அன்றைக்கு எதுவும் கண்ணில் படாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாற்று ஏற்பாடும் வைத்திருக்கிறேன். மொட்டை மாடித் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. போன வாரம் ஒரு இலையில் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கப் போனால் நகர்ந்தது. கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழு. இப்போது பச்சையாகி, சுண்டு விரல் பருமனுக்கு வந்துவிட்டது. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டிக் கப்பென்று ஒரு வாடை விடும். இது பெண்ணாக வந்தால், பறவைகள் தொடாத ரோஜா அழகி மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு பறந்தாலும் பறக்கும். இரண்டு நாளில் கூட்டுப்புழு ஆகிவிடும் என்று நினைக்கிறேன். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் என்றால், கணக்கு ஏறக்குறைய அந்தத் திங்கட்கிழமையில்தான் வந்து நிற்கிறது.

அதுவரை ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையில்தான் வாங்குகிறேன். காய்காரம்மா, "வீட்டுல செடி இருக்குன்னு சொன்னியே?" என்று இன்றைக்கும் கேட்டார்.