டர்பன் வீட்டில் மரத்தரை: பூச்சோடு வருவதா, வீட்டிலேயே பூசுவதா?

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். தொழிற்சாலையிலேயே பூச்சு அடித்து வரும் பலகையை வாங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே, எதற்கு வீடு முழுக்கத் தூசியைக் கிளப்பித் தேய்த்துப் பூசினீர்கள் என்று. ஒவ்வொருவருக்கும் டீ ஆறுகிற வரை விளக்கி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிளென்வுட் பக்கம், 1950களில் கட்டியது. அப்போது இந்திய வம்சாவளியான எங்கள் ஆட்கள் அங்கே குடியிருக்கவே முடியாது. இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991-ல் போன பிறகுதான் அந்தத் தெருக்களில் வாசலில் மாவிலைத் தோரணம் தெரிய ஆரம்பித்தது. நான் வளர்ந்தது இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில், சிவப்புப் பாலிஷ் போட்ட சிமெண்டுத் தரையில், சனிக்கிழமை ஆனால் முட்டி போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். மரத்தரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹாலில் இருந்த பழைய கார்பெட்டைக் கிழித்தால் அடியில் ரொடீஷியன் தேக்குக் கட்டைகள், மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பதித்தவை. சாம்பியா, ஜிம்பாப்வே பக்கத்து மணல் காடுகளில் வளர்கிற மரம் அது, தேக்குக்கு உறவுகூடக் கிடையாது, ஆனால் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற அளவுக்குக் கெட்டி. ஹால் தப்பித்துவிட்டது. சாப்பாட்டு அறையில்தான் முன்பு இருந்தவர்கள் கட்டைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு டைல் ஒட்டியிருந்தார்கள்.

ஆக இரண்டு வழி. ஒன்று, ஹாலின் கட்டைகளுக்கு மேலேயே, டைல் எடுத்த அறையையும் சேர்த்து, பூச்சோடு வரும் ஓக் பலகையைப் போட்டுவிடுவது. இன்னொன்று, பழைய சாமான் விற்கிற இடத்தில் அதே தேக்குக் கட்டையை வாங்கிச் சாப்பாட்டு அறையில் பதித்து, இரண்டு அறையையும் ஒரே தரையாகத் தேய்த்துப் பூசுவது.

முதலில் ஷோரூமுக்குத்தான் போனோம். பலகை அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மேலே நாலு மில்லிமீட்டர் ஓக், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ஒட்டுப்பலகை, அதனால் காற்றில் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் முழு மரத்தைவிடக் குறைவாகத்தான் அசையும். அலுமினியம் ஆக்சைடு கலந்து, புறஊதா ஒளியில் இறுக வைத்த பூச்சு. அந்தக் கெட்டியைக் கையால் பூசுகிற எந்த வார்னிஷும் எட்டாது. இருபத்தைந்து வருஷம் உத்தரவாதம் என்றார் விற்பனையாளர். உத்தரவாதத் தாளைக் கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அறைக்குள் காற்றின் ஈரப்பதம் குறிப்பிட்ட அளவுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம், மேல் வரம்பு அறுபது சதவீதம். பிப்ரவரி மாத டர்பனில், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிற வீட்டில், அறுபது! துணி காயாமல் நாறுகிற மாதம் அது. வருஷம் முழுக்க ஏசி ஓடுகிற வீட்டுக்கு எழுதிய தாள். இந்த ஒரு வரியை நீங்கள் எதை வாங்கினாலும் தேடிப் படியுங்கள்.

அப்புறம் உயரம். பதினாலு மில்லிமீட்டர் பலகை, அடியில் ஒரு விரிப்பு, எல்லாம் பழைய கட்டைகளுக்கு மேல் ஏறினால் ஹாலைச் சுற்றி எல்லாக் கதவையும் அறுக்க வேண்டும், நடைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு படி மாதிரி நிற்கும். அம்மா இருட்டில் எழுந்து நடப்பவர். பலகைக்குப் பலகை ஓரம் லேசாகச் சீவியிருப்பதையும் கவனித்தேன். உயரம் முன்பின் இருந்தால் தெரியக் கூடாது என்பதற்காகச் செய்கிற வேலை அது, ஆனால் எங்கள் சாமி மாடத்துக்கு முன்னால் காமாட்சி விளக்கிலிருந்து சொட்டுகிற எண்ணெயும் சாம்பிராணிச் சாம்பலும் போய் உட்கார அதைவிட வசதியான இடம் கிடையாது. வீட்டில் பூசினால் பூச்சு இணைப்புகளின் மேலும் ஒரே பரப்பாகப் படியும், ஒரு துடைப்பில் போய்விடும்.

முடிவு செய்ய வைத்தது என் மாமனார் கேட்ட கேள்வி. கடைகளுக்கு மரவேலை செய்து ஓய்வு பெற்றவர். "மாப்பிள்ளை, புதுசா வாங்குற கட்டையும் ஹால்ல இருக்கிற கட்டையும் ஒரே கனமா இருக்குமா? இருக்காதுல்ல? அப்ப மெஷின் போட்டுத்தானே சமமாக்கணும், அப்புறம் என்ன பேச்சு?" என்றார். சரிதான்.

2023 புரட்டாசியில் வேலையை வைத்தோம், இங்கே டிசம்பரில் வருகிற கோடையின் ஈரம் ஏறுவதற்கு முன்னால். டைலை உடைத்து எடுத்து, முன்பு கட்டைகளை ஒட்டியிருந்த தார் அடியில் மிச்சமிருந்ததையும் இயந்திரத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. தார் மேல் இப்போதைய பசைகள் சரியாகப் பிடிக்காது. கான்கிரீட்டில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாளுக்கு மேல் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள், உள்பக்கம் வியர்த்திருந்தால் வேலையை நிறுத்த வேண்டும். எங்களுக்கு வியர்க்கவில்லை.

வாங்கி வந்த பழைய கட்டைகளின் அடியிலும் தார். வெயிலில் வைத்தால் அது இளகி உளியில் பசையாக ஒட்டுகிறது. மாமனார் சொன்ன வழி, ஃப்ரீசர். குளிரில் தார் உடையக்கூடியதாகிவிடும், ஒரு தட்டுத் தட்டினால் சில்லுச் சில்லாக உதிர்கிறது. புரட்டாசி விரதம் என்பதால் ஃப்ரீசரில் கறியும் கிடையாது மீனும் கிடையாது, இடம் தாராளம். அம்மாதான் ஐஸ் எடுக்கப் போய், "ஏன்டா, விறகையெல்லாம் எதுக்குடா ஐஸ்பெட்டியில அடுக்கி வச்சிருக்கே?" என்று கத்தினார்.

தேய்க்கிற நாள்தான் கஷ்டம். உருளை இயந்திரத்தில் முதலில் சொரசொரப்பான நாற்பதாம் நம்பர் உப்புத்தாள், பிறகு அறுபது, கடைசியில் நைஸான நூறு. மீன்முள் அமைப்பில் மரத்தின் ரேகை இரண்டு பக்கமும் ஓடுவதால் ரேகையோடு தேய்க்கிறேன் என்று எவரும் சொல்ல முடியாது. வேலைக்கு வந்தவர்கள் குறுக்காக ஆரம்பித்து, முடிவில் வட்டமாகச் சுற்றுகிற இயந்திரத்தால் கோடுகளை எடுத்தார்கள். மூலைகளைக் கையால் சுரண்டினார்கள். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துகிற நேரப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துத்தான் வேலை நடந்தது, ஏனென்றால் உருளை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த இடத்தில் ஒரு குழி விழும், அதை எடுக்கச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மறுபடி தேய்க்க வேண்டும். கரண்ட் போகப் பத்து நிமிஷம் இருக்கும்போதே இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, நுண்தூசியைப் பிசினோடு குழைத்து இடுக்குகளில் பூசுவார்கள். பிளாஸ்டிக் தாள் கட்டி மறைத்தும் சமையலறை அலமாரிக்குள் சிவப்புத் தூசி. கட்டாமல் இருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

தரைக்குப் பூசுகிற வார்னிஷான பாலியூரித்தேனில் எண்ணெய் வகை, தண்ணீர் வகை என்று இரண்டு. எண்ணெய் வகை மரத்துக்கு ஒரு மஞ்சள் தருகிறது, ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு ராத்திரி காய வேண்டும், வாசனை தலையைச் சுற்றும், முழுதாக இறுக ஒரு மாதம்கூட ஆகும். எங்கள் மரம் ஏற்கெனவே சிவப்பு, மஞ்சள் தேவையில்லை. அம்மாவுக்கு இழுப்பு வேறு இருக்கிறது. தண்ணீர் வகையை மூன்று தடவை பூசினோம், நடுவில் லேசாகத் தேய்த்து. அப்படியும் அம்மாவைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பூசினோம். ஒரு வாரம் விரிப்பு எதுவும் போடக் கூடாது என்றார்கள், போடவில்லை. ஒரு எச்சரிக்கை: எண்ணெய்ப் பூச்சு பட்ட துணியையும் தேய்த்த தூசி நிரம்பிய பையையும் வீட்டுக்குள் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். துணியை வெளியே விரித்துக் காய வையுங்கள்.

அம்மாவின் படுக்கையறைக்கு மட்டும் பூச்சோடு வந்த ஓக் பலகைதான். அங்கே பழைய கட்டை எதுவும் இல்லை, வெறும் சிமெண்டு, ஒத்துப்போக வைக்க வேண்டிய பழைய தரை இல்லை. காலையில் ஆரம்பித்தார்கள், ராத்திரி அம்மா அங்கேயே படுத்தார், ஒரு வாசனையும் கிடையாது. வீட்டைவிட்டு வெளியே போய்த் தங்க வழியில்லாதவர்களும் ஃபிளாட்டில் இருப்பவர்களும் யோசிக்காமல் இதைப் போடலாம், உத்தரவாதத்தை மட்டும் நம்பிப் போடாதீர்கள். கட்டில் கால் இழுபட்டு இப்போது ஒரு வெள்ளைக் கீறல் இருக்கிறது, அதை மட்டும் தனியாகப் பூசினால் திட்டாகத் தெரியும், பலகையையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மிச்சப் பலகை ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.

ஹாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. பூச்சு மெலிந்தால் மேலே லேசாகத் தேய்த்து இன்னொரு கை பூசிவிடலாம், மரம் வரை போக வேண்டியதில்லை. நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன்: முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது, உறிஞ்சி மரம் கறுத்தால் ஆளைக் கூப்பிட வேண்டும்.