லிந்தாங் சாலை நாட்குறிப்பு

ஜூன் 29, 2024, சனி

எல்பில் தோட்டத்து வளைவு வரை ஓடித் திரும்பினேன். விடியற்காலை ஐந்து மணிக்கே சட்டை பிழியும்படி நனைந்துவிட்டது. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போய்விடுவதால் உடல் குளிர்வதில்லை; வேகத்தைக் கூட்டாவிட்டாலும் இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பயிற்சி அட்டவணைகளைக் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுகிறார்கள். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அவற்றை அப்படியே பின்பற்ற முடியாது. நான் துடிப்பைப் பார்த்துத்தான் ஓடுகிறேன்.

இரவு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கியது; மூன்று வாரம், பெரும்பாலும் நாளுக்கொரு கட்டம். தமது கடைசி டூரில் ரோமன் பார்டே முதன்முறையாக, முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டை அணிந்தார். வெயில் தாங்காமல் மூத்த வீரர் கேவண்டிஷ் வாந்தியெடுத்ததைப் பார்த்த அப்பா, "அந்த ஆளை எறங்கச் சொல்லுப்பா, போதும்" என்றார்.

ஜூலை 1, திங்கள்

கிர்மாய் வென்றுவிட்டார். துரின் நகரத்து எல்லைக்கோட்டை பினியம் கிர்மாய் முதலாவதாகக் கடந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன். 1903இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் இவர்தான். 2022இல் இத்தாலியச் சுற்றில் ஒரு கட்டத்தை வென்று மேடையேறியவர், வெற்றிப் புட்டியைத் திறக்கையில் அதன் தக்கை கண்ணில் தெறித்ததால் பந்தயத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. அதிலிருந்து மீண்டு வந்து, அதே இத்தாலி மண்ணில் இன்று வென்றிருக்கிறார்.

அவர் ஊர் அஸ்மாரா. இத்தாலியர் ஆண்ட காலத்தில் எரித்திரியாவுக்கு வந்த சைக்கிள் பந்தயம், அவர்கள் போன பிறகு அந்நாட்டு மக்களின் சொந்த விளையாட்டாகிவிட்டது. நம் தோட்டத் திடல்களில் துரைமார் காலத்துப் பந்தாட்டம் நம் பிள்ளைகளின் ஆட்டமாக மாறியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தூரத்துச் செய்தியாகத் தெரியவில்லை. படுக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. நாலரைக்கு எழ வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

வலது காலின் முன்னெலும்பில் ஓரிடத்தில் வலிக்கிறது.

ஜூலை 3, புதன்

கேவண்டிஷுக்கு டூரில் முப்பத்தைந்தாவது கட்ட வெற்றி. முப்பத்துநான்கு வென்றிருந்த பழைய வீரர் மெர்க்ஸின் சாதனை முறிந்தது. சனிக்கிழமை இறங்கச் சொன்ன அப்பா இன்று கை தட்டினார். கேவண்டிஷுக்கு 39 வயது. போன ஆண்டு இதே டூரில் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டவர்.

ஜூலை 6, சனி

நீண்ட ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போன தடத்தில் உதிரிப்பழங்கள் சிதறிக் கிடந்தன. நசுங்கிய பழத்தின் எண்ணெய் தாரில் படிந்து, காலணி வழுக்கியது. வலி வழுக்கியதால் வந்ததன்று. அது அதற்கு முன்பே இருந்தது.

முன்னெலும்பை ஒட்டி நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்பின் மேலுறையும் இழுபடுவதால் வருவது. ஓட்டத்தைக் குறைத்தால் ஆறிவிடும். கட்டைவிரலால் அழுத்தும்போது ஒரே ஒரு புள்ளி மட்டும் சுரீரென்று வலித்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இன்று முழுவதும் அழுத்திக்கொண்டே இருந்தேன். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, உட்புறமாக, ஒரே புள்ளி. அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "சும்மா அமுக்கிக்கிட்டே இருந்தா நல்லாயிருமா?" என்றார்.

கிர்மாய் இன்று மறுபடியும் வென்றார்.

ஜூலை 10, புதன்

ஓடவில்லை.

சென்ற இரண்டு டூர்களையும் வென்ற விங்கெகார்டைப் பற்றி எழுத வேண்டும். ஏப்ரல் 4 அன்று பாஸ்க் நாட்டுப் பந்தயத்தில் விழுந்து காறையெலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரல் சுருங்கி, பன்னிரண்டு நாள்கள் மருத்துவமனையில் கிடந்தவர் அவர். டூரின் தொடக்கக் கோட்டுக்கு வருவாரா என்பதே ஐயமாக இருந்தது. இன்று லெ லியோரான் கட்டத்தில், எல்லைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே அவருடைய பெரும் போட்டியாளர் பொகாச்சர் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். ஆட்டம் முடிந்தது என்று அப்பா உள்ளே போய்விட்டார். ஆனால் விங்கெகார்ட் இருக்கையை விட்டு அதிகம் எழாமல், முகத்தில் ஒன்றையும் காட்டாமல், அடுத்த ஏற்றத்தில் இடைவெளியைச் சிறிது சிறிதாகத் தின்று அவரைப் பிடித்தார். கடைசியில் நேருக்கு நேர் விரைவோட்டத்திலும் வென்றார். பிறகு பேச முடியாமல் அழுதார். நானும் அழுதேன்; அப்பாவை எழுப்பிக் கூட்டி வந்து அந்தக் கடைசி இருநூறு மீட்டரை மறுபடி காட்டினேன்.

என் எலும்பை அவருடைய முறிவுகளோடு ஒப்பிட எனக்கு உரிமையில்லை. இருந்தாலும், அந்தப் படுக்கையில் அவர் எந்த நாளில் மறுபடி தம் உடலை நம்பத் தொடங்கினார் என்பதை யாராவது கேட்டுச் சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இது நிம்மதி அடைய வேண்டிய செய்தியன்று: புதிதாக விழுந்த மெல்லிய கீறல், எலும்பு தன்னைச் சுற்றிப் புதுப்படலம் கட்டத் தொடங்கும் வரை, சில வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் அகப்படாமலே இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். ஈப்போவில் 24ஆம் தேதிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 16, செவ்வாய்

நீமில் எல்லைக்கோட்டுக்கு அருகே கிர்மாய் விழுந்துவிட்டார். புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை அவரிடம் இருக்கிறது. நாளை புறப்படுவாரா?

ஜூலை 17, புதன்

புறப்பட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

பந்தயம் வழக்கமாக முடியும் பாரிசில், ஒலிம்பிக்கால் இந்த ஆண்டு இடமில்லை. அதனால் நீஸில் முடிந்தது. பொகாச்சர் இத்தாலியச் சுற்றையும் டூரையும் ஒரே ஆண்டில் வென்றிருக்கிறார். 1998இல் பான்டானிக்குப் பிறகு யாரும் செய்யாதது. விங்கெகார்ட் இரண்டாமிடம். கிர்மாய் கடைசி வரை பச்சைச் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டார். மேடையில் அவரைப் பார்த்ததே எனக்குப் போதும்.

நாளையிலிருந்து இரவில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. புதன்கிழமைதான் ஸ்கேன்.

ஜூலை 26, வெள்ளி

கீறல் இல்லை. எலும்பின் மேலுறை வீங்கியிருக்கிறது, உள்ளே மஜ்ஜையிலும் நீர் கோத்திருக்கிறது. இப்படியே ஓடியிருந்தால் அடுத்தது கீறல்தான் என்று மருத்துவர் படத்தைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிற எலும்புக்குள் ஒரு வெள்ளை மேகம், என் கட்டைவிரல் அகலம்கூட இராது. ஆறு வாரம் ஓடக் கூடாது. வலி இல்லாத வரை சைக்கிள் மிதிக்கலாம்.

நான் பயிற்சி எடுத்துவந்த கோலாலம்பூர் மாரத்தான் அக்டோபர் தொடக்கத்தில். ஆறு வாரத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு மாதம். 42 கிலோமீட்டருக்கு அது போதாது என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

அப்பாவின் சைக்கிளில் லிந்தாங் வரை. அவர் பால்மரம் வெட்டிய காலத்தில் வாங்கியது; மாற்றுவதற்குப் பல்லேதும் இல்லாத ஒற்றைச் சங்கிலி. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். முன்னெலும்பு வலிக்கவில்லை. அரிவாளை மோட்டாரில் கட்டிக்கொண்டு போன குலை வெட்டும் அண்ணன் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "என்ன தம்பி, ஓடுறத விட்டாச்சா?" என்றார். விடவில்லை என்று உரக்கவே சொன்னேன்.

ஆகஸ்ட் 10, சனி

பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் தமிரத் தோலா 2:06:26 நேரத்தில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். அவர் முதலில் அணியிலேயே இல்லை. சிசாய் லெம்மாவுக்குக் காயம் என்பதால் கடைசி இரண்டு வாரத்தில் அழைக்கப்பட்டவர். அழைப்பு வராத நாள்களிலும் அவர் பயிற்சியை நிறுத்தாமல் இருந்ததைத்தான் நான் மதியம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் வென்ற கிப்சோகே முப்பது கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டத்தை விட்டு விலகினார்.

இரவு கெய்ரின் என்ற சைக்கிள் போட்டியில் நம் அசிசுல்ஹஸ்னி, வேகம் காட்டி முன்னே செல்லும் வண்டி விலகுமுன் அதைக் கடந்துவிட்டதாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். மனம் ஆறவில்லை. 2011இல் மான்செஸ்டரில் மரச்சிம்பு கெண்டைக்காலைத் துளைத்து நின்றபோதும் எழுந்து எல்லையைக் கடந்தவர் அவர்.

ஆகஸ்ட் 17, சனி

கட்டைவிரலால் அழுத்தினேன். லேசாகத்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வலிக்கிறதா என்று ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்க மருத்துவர் இன்னும் அனுமதிக்கவில்லை. டிசம்பரில் பினாங்குப் பாலத்தில் ஓடலாமே என்கிறார் அப்பா. பாலத்தில் நிழலே கிடையாது. ஆனால் இருட்டிலேயே தொடங்கிவிடுவார்கள். கோலாலம்பூரை முழுதாகக் கைவிடவும் மனம் வரவில்லை. அரை மாரத்தானுக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்று சைக்கிளில் எல்பில் வளைவைத் தாண்டிப் போனேன்.