இரண்டு கேபினெட், ஒரு பேஸ் ஆம்ப்: ஓம் கணக்கு

பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கப் போனால் எல்லோரும் வாட்ஸைத்தான் கேட்கிறார்கள். முதலில் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓமைப் (மின்தடை அளவு) பாருங்கள்; மாட்டும் பெட்டிகளின் மொத்த ஓம் அதற்குக் கீழே போகக்கூடாது. அது 4 என்றால் 8 ஓம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டை பேரலலில் (பக்க இணைப்பில்) போடலாம்; கணக்கு சரியாக 4. ஒன்று 8, ஒன்று 4 என்று கலந்தால் 2.67 ஓம். ஆம்ப் சூடேறி, பாட்டு நடுவில் தன்னைக் காத்துக்கொள்ள புரொடெக்‌ஷனுக்குப் போய் ஊமையாகிவிடும். தாக்குப்பிடித்தாலும் 4 ஓம் பெட்டி மற்றதைவிட இரண்டு மடங்கு பவரை இழுக்கும்.

கேபினெட்டுக்கு கிட்டார் கேபிள் வேண்டவே வேண்டாம். வெளியே ஒன்றுபோல் தெரியும், உள்ளே கம்பி மெலிசு. ஷார்ட் ஆனால் ஆம்ப்பும் சேர்ந்து போகும். 2.5 சதுர மி.மீ. ஸ்பீக்கான் (ஸ்பீக்கருக்கென்றே உள்ள பூட்டு பிளக்) கேபிள் எடுங்கள், செருகித் திருப்பிப் பூட்டுங்கள். வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பை கேபினெட் மாட்டாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலி.

ஈக்யூ (பேஸ், மிட், ட்ரெபிள்) குமிழ்கள் நடுவில் இருக்கட்டும். பலமாக அடிக்கும்போது மட்டும் கிளிப் விளக்கு (சிக்னல் அளவு மீறினால் எரிவது) மின்னும் அளவுக்கு கெயினை (உள்ளே வரும் சிக்னல்) ஏற்றுங்கள், பிறகு மாஸ்டரை (மொத்தச் சத்தம்). மேடை குமுறினால் கேபினெட்டை மூலையிலிருந்து நகர்த்துங்கள்; அப்புறம் 100-200 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் குறையுங்கள். டிஐயில் (மிக்ஸருக்குப் போகும் அவுட்புட்) ஹம் என்ற உறுமல் வந்தால், அந்த இணைப்பின் கிரவுண்டைத் துண்டிக்க கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது. மின்சார பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.