உள்ளே எத்தனை பேர்? – ஒரு கபடிக் குறிப்பேடு

பிப்ரவரி 2

புள்ளிப் பலகையை மட்டும் பார்த்துக் கபடி பார்ப்பவர்களுக்குப் பாதி ஆட்டம் கண்ணில் படுவதே இல்லை. 20–17. மூன்று புள்ளி முன்னிலை, சரி. ஆனால் முன்னிலையில் இருக்கும் அணிக்கு உள்ளே இரண்டே பேர், எதிரே ஏழு பேர் என்றால்? அந்த இருவரும் போனால் 2, உள்ளே யாருமே மிச்சமில்லாத ஆல் அவுட்டுக்கு 2. பலகை 20–21 ஆகிவிடும். ஒரு நல்ல ரெய்டு, அதாவது எதிர்ப்பக்கம் பாடிப்போய்த் தொட்டு வரும் ஒரு முறை, போதும்.

அதனால் இந்தக் குறிப்பேட்டில் புள்ளிக்குக் கட்டம் கிடையாது, அதைத்தான் டிவி காட்டுகிறதே. மூன்றே கட்டம்: எத்தனையாவது ரெய்டு, இரண்டு பக்கமும் உள்ளே எத்தனை பேர், தொடர்ந்து எத்தனை வெற்று ரெய்டு (யாருக்கும் புள்ளி இல்லாத ரெய்டு). 6/7 என்று இருக்கும்போது ஆறு பேர் பக்கத்து ரெய்டர் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் தொடப்பட்டவர் வெளியே, நம் பக்கம் வெளியே இருந்த ஒருவர் உள்ளே, ஆக 7/6. ஒரே தொடுதலில் வித்தியாசம் இரண்டு நகர்கிறது.

போனஸில் இது நடக்காது. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் கிடைக்கும். முன்கால் போனஸ் கோட்டுக்கு அப்பால் தரையில் படும்போது பின்கால் காற்றில் இருக்க வேண்டும். புள்ளி ஏறும், வெளியே உட்கார்ந்திருப்பவர் எழுந்து வர மாட்டார். அதாவது நம் பக்கம் உள்ளே ஏழு பேர் இருக்கும்போது போனஸ் நல்ல வரவு. மூன்று பேர் இருக்கும்போது எடுக்கும் போனஸ், கடனை அடைக்காமல் வட்டி மட்டும் கட்டுவது மாதிரி. ரெய்டரைப் புகழும்போது இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 5

சூப்பர் டேக்கிள். உள்ளே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி, ஆக 2. திரும்பி வருவது என்னவோ ஒரே ஆள்தான்.

எதிரே மூன்று பேர் என்றதும் பல அணிகள் தங்கள் முதல் ரெய்டரை அனுப்பி ஆல் அவுட்டை முடிக்கப் பார்க்கும். அங்கேதான் கோளாறு. தொட்டு வந்தால் 1 புள்ளி. மாட்டினால் எதிரணிக்கு 2, அவர்கள் நான்கு பேர் ஆகிவிடுவார்கள், நம் முதல் ரெய்டர் பெஞ்சில். இந்த நேரத்தில் அனுப்ப வேண்டியது மூன்றாவது ரெய்டரை. அவர் ஆழமாகப் போகவும் கூடாது. மூன்று பேர் நின்றால் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்களான இரண்டு கார்னர், நடுவில் அவர்களுக்குத் துணை நிற்கும் ஒரு கவர். கவரை முன்னால் இழுத்து, ஓட்டத்திலேயே கைதொட்டுத் திரும்புவதுதான் வழி. கார்னரிடம் கால் கொடுத்தால் கதை முடிந்தது.

மூன்று பேருக்கு இந்தச் சலுகை அதிகம் என்பதே இந்தக் குறிப்பேட்டின் கட்சி. இரண்டு பேருக்கு என்று வைத்தால் போதும். மூன்று பேர் என்பது இன்னும் ஒரு தடுப்பு அணிதான், ஏழைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 6

ஒற்றை ஆளாக நிற்பவர் சட்டென்று அவுட் ஆகிவிட்டால் "என்ன இவ்வளவு சீக்கிரம் விட்டுட்டான்" என்று கத்துகிறார்கள். பல சமயம் அது தெரிந்தே விடுவது. செலவு 3 புள்ளி (ஆளுக்கு 1, ஆல் அவுட்டுக்கு 2), வரவு மொத்தமாகத் திரும்பி வரும் ஏழு பேர். பாதி ஆட்டம் மீதி இருக்கையில் ஒற்றை ஆளை வைத்து நாலு ரெய்டு இழுத்தடிப்பதைவிட இது மலிவு. கடைசி இரண்டு நிமிடத்தில் செய்தால் மட்டும் திட்டலாம்.

பிப்ரவரி 10

ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் ஹோல்டைப் பழைய ஆட்டப் பதிவுகளில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஈரான் வீரர் ஃபஸல் அத்ராசலி லெஃப்ட் கார்னரில் நிற்பதைப் பாருங்கள். கைகளைப் பார்க்காதீர்கள், முதலில் இடுப்பைப் பாருங்கள்.

ரெய்டர் போனஸுக்குக் கால் நீட்டும்வரை கார்னர் அசைவதில்லை. எடை முன்பாதத்தில், முழங்கால் மடங்கி, பார்வை ரெய்டரின் பின்காலில். பின்கால் தரையை விட்டு எழும்பியதும் ரெய்டரின் மொத்த எடையும் முன்காலுக்குப் போகிறது. அந்தக் காலை அவரால் உடனே இழுக்க முடியாது. கார்னர் விழுவது அந்தக் கணத்தில். இரண்டு கையும் கணுக்காலைச் சுற்றிப் பூட்ட, தோள் கெண்டைக்காலோடு ஒட்ட, தலை காலுக்கு வெளிப்பக்கம். பிறகு காலைத் தன் மார்புப் பக்கம் இழுத்துக்கொண்டு எண்ட் லைன் (நம் பின்கோடு) பக்கமே உருள வேண்டும். நடுக்கோட்டுப் பக்கம் உருண்டால் ரெய்டருக்கு நாமே தூக்கிக் கொடுத்த மாதிரி.

கெடுவது மூன்று இடத்தில். ஒன்று, அவசரம். பின்கால் தரையில் இருக்கும்போதே பாய்ந்தால் ரெய்டர் அந்தக் காலால் உந்தித் தாண்டிவிடுவார். இரண்டு, ஒற்றைக் கை. வியர்வையில் வழுக்கும். உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது என்று விதியே இருக்கிறது, வியர்வைக்கு விதி போட முடியாதே. மூன்று, தலை முழங்காலுக்கு நேரே போவது. மூக்கு உடையும்.

இவ்வளவும் சரியாகச் செய்த கார்னருக்கும் கவர் அரை விநாடி பிந்தினால் புள்ளி போய்விடும். போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர். கணுக்கால் பூட்டிய நிலையிலும் ஆறடி ஆள் ஒருவர் முன்னால் விழுந்து கை நீட்டினால் பாதி தூரத்தைத் தின்றுவிடுவார். மீதியைத் தடுக்க வேண்டியது கவர். ஆனால் பலகையில் பெயர் வருவது கார்னருக்கு மட்டும். மோஹித் சில்லர், சுரேந்தர் நாடா இருவரும் புரோ கபடி லீக்கில் யு மும்பா அணிக்குக் கார்னர்களாக நின்ற காலத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு நடுவே நின்ற கவர்களை யார் சொல்கிறார்கள்?

பிப்ரவரி 13

பெரிய ரெய்டர் பிரதீப் நர்வாலா, பவன் செஹ்ராவத்தா என்ற சண்டை ஓய்வதாயில்லை.

பிரதீப்பின் டுப்கி, சங்கிலியின் பலவீனத்தைக் குறிவைத்த ஆயுதம். கை கோத்து நிமிர்ந்து நிற்கும் இரண்டு கவர்களுக்கு அடியில் புகுந்து வெளியே வருவது. பாட்னா பைரேட்ஸ் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சீசன்களை வரிசையாக வென்றபோது இதற்கு யாரிடமும் பதில் இல்லை. 2017இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ரெய்டில் 8 புள்ளி. பதில் பிறகு வந்தது: கவர்கள் கையை விட்டுவிட்டு இடுப்பைத் தாழ்த்தி நின்றார்கள், புகுந்து வெளியே வரும் இடத்தில் கார்னர் காத்திருந்தார். பவனின் தாண்டலுக்கு இப்படி ஒரே பதில் கிடையாது. தாழ்ந்து நின்றால் தாண்டுவார், நிமிர்ந்தால் கைதொடுவார். 2019இல் அதே ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளி. ஆகவே ஓட்டு பவனுக்கு.

ஆனால் தமிழ் தலைவாஸ் கதையைப் பார்த்தால் இந்தச் சண்டையே வீண் என்று தோன்றும். 2019இல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று மூன்று பெரிய பெயர்கள். முடிவு, கடைசி இடம். 2022இல் 2.26 கோடிக்கு வாங்கிய பவனுக்கு முதல் ஆட்டத்திலேயே காயம், சீசன் முழுக்க இல்லை. அந்த ஆண்டுதான் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. ரெய்டில் புதுமுகம் நரேந்தர். கார்னர்களில் சாகரும் சாஹில் குலியாவும். கார்னர்கள் பிடித்துக்கொடுத்ததால் உள்ளே ஆள் குறையவில்லை, புதுமுக ரெய்டருக்குப் பதற்றம் இல்லை. கோடிகளை ரெய்டருக்குக் கொட்டிவிட்டுக் கார்னருக்குச் சில்லறை தேடும் ஏலம் எப்போது மாறுமோ.

பிப்ரவரி 17

ஜெர்சி.

எண் முன்னால் 4 அங்குலத்துக்கும் பின்னால் 6 அங்குலத்துக்கும் குறையக் கூடாது என்பது விதி. அழகுக்காக இல்லை. அவுட் ஆனவர்கள் எந்த வரிசையில் போனார்களோ அதே வரிசையில்தான் திரும்ப வர முடியும். நடுவர் கூப்பிடுவதும் எழுதுபவர் குறிப்பதும் எண்ணை வைத்துத்தான். நாலு பேர் ஒரு குவியலாக விழும்போது யாருடைய கால் பட்டது என்று எண் தெரியாமல் சொல்ல முடியாது. மார்பு முழுக்க விளம்பரதாரர் பெயரைப் போட்டுவிட்டு எண்ணை ஓரத்துக்குத் தள்ளும் வடிவமைப்பாளரை ஒரு நாள் ஸ்கோர் மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

நிறமும் இப்படித்தான். யு மும்பாவும் ஆரஞ்சு, புனேரி பல்டனும் ஆரஞ்சு. மகாராஷ்டிரத்து இரண்டு அணிகள் மோதும் ஆட்டம், கண்ணுக்கு ஒரே நிறம். வீட்டு ஜெர்சி, வெளி ஜெர்சி என்று கால்பந்தில் இருக்கும் கண்டிப்பு இங்கேயும் வேண்டும்.

உடம்போடு ஒட்டிய துணி ஏன் வந்தது என்றால், பிடிக்கக் கூடாத இடம் துணி. உடலையோ கை கால்களையோதான் பிடிக்கலாம். பனியனை இழுத்து நிறுத்தினால் ரெய்டர் அவுட் இல்லை. தொளதொள பனியன் இருந்த காலத்தில் பின்னாலிருந்து இழுக்கும் கை, கோட்டோரம் நிற்கும் நடுவருக்குத் தெரியாது. இப்போது இழுக்கத் துணியே மிச்சமில்லை. மண் தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்களுக்கு மேட் விரிப்பில் தொல்லை கொடுப்பது ஷூதான். மண்ணில் கால் சற்று வழுக்கி நிற்கும். விரிப்பில் ஷூ அப்படியே ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். முழங்கால் காயம் வருவது இப்படித்தான்.

பிப்ரவரி 18

பெண்கள் ஆட்டத்தை ஆண்கள் ஆட்டத்தின் சின்னப் பிரதி என்று நினைப்பது தப்பு. களம் 12க்கு 8 மீட்டர். இரண்டு பக்கமும் உள்ள ஓரப் பட்டையான லாபியைக் கழித்தால் தொடுதலுக்கு முன் ரெய்டருக்குக் கிடைக்கும் அகலம் 6 மீட்டர். ஆண்களுக்கு 8. சங்கிலி மூடும் வேகம் அதிகம், டுப்கிக்கு இடம் குறைவு. அதனால் கைதொடுதலும் போனஸும்தான் முக்கிய வரவு. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா போன்ற ரெய்டர்களின் ஆட்டத்தைப் பார்க்கும்போது புள்ளியைவிட கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பிப்ரவரி 22

லாபி விதி. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம், இந்தியா–ஈரான், 28–28. டூ ஆர் டை ரெய்டுக்கு (தொடர்ந்து இரண்டு வெற்று ரெய்டுக்குப் பின் வருவது, புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட்) போன பவன் யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் தள்ளிக்கொண்டு ஈரான் தடுப்பாட்டக்காரர்களும் லாபிக்குள் போனார்கள்.

தொடுதல் நடக்கும்வரை லாபி வெளித் தரை. நடந்த பிறகுதான் அது களம். தொடாமல் போன ரெய்டர் அவுட், இதில் சந்தேகம் இல்லை. பின்னால் போனவர்கள்? பழைய விதிப்படி அவர்களும் தொடாமல் வெளியே போனவர்கள், எல்லோரும் அவுட். லீக்கில் பழகிய புது விதிப்படி ரெய்டர் வெளியேறியதுமே அந்த ரெய்டு முடிந்தது, மற்றவர்கள் தப்பித்தார்கள். ஒரு கணக்கில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1. மற்றொன்றில் ஈரானுக்கு 1 மட்டும். தீர்ப்பு மாறி மாறி வர, ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33–29, தங்கம் இந்தியாவுக்கு.

ஜெயித்த பக்கத்து ரசிகராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும், புது விதிதான் நியாயம். தானாக வெளியே போன ஒருவரைத் தள்ளிய குற்றத்துக்கு நாலு பேரை அனுப்புவது கணக்கில் பெரிய ஓட்டை. எது நியாயம் என்பதைவிட முக்கியம், லீக்குக்கு ஒன்று, ஆசியப் போட்டிக்கு ஒன்று என்று இரண்டு விதிப் புத்தகம் இருக்கக் கூடாது.

பிப்ரவரி 25

கடைசி மூன்று நிமிடம். ரெய்டுக்கு 30 விநாடி. இரு பக்கமும் முழு நேரத்தையும் ஓட்டினால் ஆறு ரெய்டு, ஆளுக்கு மூன்று. முன்னிலையில் இருப்பவர் வெற்று ரெய்டு எண்ணிக்கை பூஜ்யத்தில் நுழைந்தால் முதல் இரண்டை வெறுமனே ஓட்டலாம். மூன்றாவது டூ ஆர் டை. அதில் மாட்டினாலும் ஆட்டம் முடிகிற நேரம், 1 புள்ளிதான் நஷ்டம்.

இரண்டு வெற்று ரெய்டோடு அந்த மூன்று நிமிடத்துக்குள் நுழைபவர்தான் தோற்பார். முதல் ரெய்டே கட்டாயம், மாட்டினால் நல்ல ரெய்டர் வெளியே, மீதி இரண்டரை நிமிடமும் ஆள் குறைவு. ஆகவே முடிய நான்கு நிமிடம் இருக்கும்போதே ஒரு போனஸையாவது எடுத்து எண்ணிக்கையை அழிக்க வேண்டும். துரத்துகிறவர்கள் பத்து விநாடியில் ரெய்டை முடித்துத் திரும்பினால் இந்தக் கணக்கு மொத்தமும் குலையும். ஏனோ அதைச் செய்கிற அணிகள் குறைவு.

மார்ச் 1

2025இல் பன்னிரண்டாவது சீசனில் லீக் ஆட்டங்களிலும் சமன் கிடையாது என்றார்கள். சமனானால் ஆளுக்கு ஐந்து ரெய்டு. இரு பக்கமும் ஏழு பேர், அவுட்டும் இல்லை, திரும்ப வருவதும் இல்லை. பார்க்க விறுவிறுப்புதான். ஆனால் ஆள் குறையாத கபடி என்ன கபடி? நாற்பது நிமிடம் எண்ணிக்கையை வைத்து ஆடிவிட்டு, முடிவை மட்டும் எண்ணிக்கை இல்லாமல் எடுப்பது. சமன் என்றால் சமன் என்று விட்டிருக்கலாம்.

மார்ச் 2

திருத்தம். முதல் நாள் எழுதிய "ஒரே தொடுதலில் வித்தியாசம் இரண்டு" என்பது எப்போதும் பொருந்தாது. ஏழு பேரும் உள்ளே இருக்கும்போது தொட்டால் திரும்ப வர ஆளே இல்லை. 7/7 என்பது 7/6 ஆகும், அவ்வளவுதான். அந்த வரவைச் சேமித்து வைக்கவும் முடியாது. ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டு வந்தும் வெளியே ஒருவர்தான் இருந்தார் என்றால், இரண்டு வரவு காற்றோடு போகிறது. இனிமேல் இப்படி வீணான வரவுக்குக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.