737-ஐ மனப்பாடம் செய்து வைவாவில் மாட்டிக்கொண்டேன்

விளையாட்டு இதழியல் படிக்க இங்கிலாந்து போன ஆண்டில் எங்களுக்கு ஒரு பேப்பர் இருந்தது. ஒரே கால்பந்து கிளப்பில் ஆடி ஓய்வு பெற்ற டிஃபென்டர் (தற்காப்பு ஆட்டக்காரர்) ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஆட்ட வாழ்க்கையை 3,000 சொற்களில் எழுத வேண்டும். அதன்பின் 15 நிமிட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. நான் எடுத்தது லிவர்பூலின் ஜேமி கேரகர். முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை நல்ல மதிப்பெண். நடுவில் என்ன மாறியது என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதல் முறை நான் செய்தது கோப்பைப் பட்டியல். 2001, 2006 எஃப்.ஏ. கோப்பை, 2005 சாம்பியன்ஸ் லீக், மூன்று லீக் கோப்பைகள், கிளப்புக்காக 737 ஆட்டங்கள், அதில் அவருக்கு மேலே இயன் காலகன் ஒருவர் மட்டும். எல்லாம் சரியான தகவல்தான். வைவாவில் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "2001 யூ.இ.எஃப்.ஏ. கோப்பை இறுதியில் அவர் எந்த இடத்தில் ஆடினார்?" கொஞ்சமும் யோசிக்காமல் ஸ்டாப்பர், அதாவது தற்காப்பின் நடுவில் என்றேன். தப்பு. ஸ்பெயினின் அலாவேஸை 5-4 என்று வென்ற அந்த டார்ட்மண்ட் இரவில் அவர் லெஃப்ட் பேக், அதாவது தற்காப்பின் இடது ஓரம். வலது பக்கம் மார்கஸ் பாபல். போதாததற்கு 737-ஐ லீக் ஆட்டங்கள் என்றும் எழுதியிருந்தேன். லீக்கில் மட்டும் என்றால் 508. அந்த ஒரு வரியே என் வண்டவாளத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மறுதேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. கோப்பைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பெரிய தாளில் இரண்டு கோடு போட்டேன். மேலே பயிற்சியாளர்கள்: எவன்ஸ், ஊலியே, பெனிடெஸ், ஹாட்ஜ்சன், டால்கிளிஷ், ராட்ஜர்ஸ். கீழே அவர் நின்ற இடம். உடனே கதை தெரிந்தது. 1997 ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக முதன்முறை தொடக்க அணியில் இறங்கியபோது அவர் நடுக்கள வீரர். அந்த ஆட்டத்தில் தலையால் முட்டி ஒரு கோலும் போட்டார். பிறகு ஸ்டாப்பர்களாக ஹைபியாவும் ஹென்ஷோவும் வந்ததும் ரைட் பேக், அப்புறம் லெஃப்ட் பேக். 2003-இல் இன்னொரு ரைட் பேக், ஸ்டீவ் ஃபின்னன் வந்தார். அதே செப்டம்பரில் பிளாக்பர்னில் கேரகருக்குக் கால் முறிந்தது. 2004-இல் பெனிடெஸ் வந்து அவரை ஹைபியாவின் பக்கத்தில் நிரந்தரமாக நிறுத்தினார். நாம் நினைவில் வைத்திருக்கும் கேரகர் அதற்குப் பிறகு உருவானவர், அப்போது அவருக்கு 26 வயது. இடம் பறிபோகும்போதெல்லாம் இன்னொரு இடத்தில் போய் நின்றவர் என்ற ஒற்றை வரிதான் என் இரண்டாவது கட்டுரை.

அடுத்த மாற்றம் பார்க்கும் விதத்தில். ஹைலைட்ஸ் பார்த்து டிஃபென்டரைப் படிக்க முடியாது. அவர் வேலை ஒழுங்காக நடந்தால் அங்கே காட்ட ஒன்றுமே இருக்காது. தப்பு செய்தால்தான் காட்டுவார்கள். 1999-இல் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு சேம்சைட் கோல், 2006 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் ஹாமுக்கு ஒன்று. இவைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். (அதே 2006 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காகப் போர்ச்சுகலுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி உள்ளே போனது. விசில் ஊதுவதற்கு முன் அடித்தார் என்று திரும்ப அடிக்கச் சொன்னார்கள், அதைக் கோல்கீப்பர் ரிக்கார்டோ தடுத்துவிட்டார். பாவம், என்ன ஆண்டு அது.)

அதனால் நான்கே ஆட்டங்களை முழுதாகப் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை, அவரை மட்டும் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும், பழக வேண்டும். 2005 சாம்பியன்ஸ் லீக்கின் இஸ்தான்புல் இறுதியை மூன்று தடவை இப்படிப் பார்த்தேன். ஹாஃப் டைமில் மிலான் 3-0. ஃபின்னனை எடுத்துவிட்டு நடுக்கள வீரர் ஹாமனை இறக்குகிறார் பெனிடெஸ், பின்னால் மூன்று பேர்: கேரகர், ஹைபியா, ட்ராவோரே. ஜெரார்ட், ஷ்மிட்ஸர், அலோன்ஸோ ஆறு நிமிடத்தில் மூன்று கோலைத் திருப்பியதுதான் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மிலான் அழுத்திக்கொண்டே இருந்தது. எக்ஸ்ட்ரா டைமில் கேரகருக்குத் தசை பிடித்துக்கொள்கிறது, நொண்டிக்கொண்டே காலை நீட்டிப் பந்தைத் தடுக்கிறார். என் கட்டுரையில் 800 சொற்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கே போயின. ஒரே ஆட்டத்துக்கு இவ்வளவு இடமா என்று உடன் படித்தவர்கள் பயமுறுத்தினார்கள். மதிப்பெண் அங்கேதான் விழுந்தது.

குழந்தைப் பருவத்துக்கு இரண்டு வரி போதும். பூட்டிலில் பிறந்தவர், சிறுவயதில் எவர்டன் ரசிகர், அவ்வளவுதான். இதையே இரண்டு பக்கத்துக்கு இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்களுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே 'லீக் மட்டும்' அல்லது 'எல்லாப் போட்டிகளும்' என்று எழுத வேண்டும். ஆண்டுக்கும் அப்படித்தான். 2000-01 என்பது சீசன், 2001 என்பது இறுதிப்போட்டி நடந்த ஆண்டு. வைவா பதற்றத்தில் இரண்டும் குழம்பும்.

இரண்டாம் வைவாவில் அதே தேர்வாளர். இந்தத் தடவை ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, இஸ்தான்புல்லின் இரண்டாம் பாதித் தற்காப்பை வரையச் சொன்னார். வரைந்தேன். "மிலான் எந்தப் பக்கம் தாக்கியிருக்க வேண்டும்?" என்றார். அதற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை. யோசித்து, ட்ராவோரேக்குப் பின்னால் ஒரு வட்டம் போட்டேன். சிரித்தார். சரி என்றாரா தவறு என்றாரா, இன்றுவரை தெரியாது.

யாரை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: டோனி ஆடம்ஸ் நல்ல தேர்வு. ஆர்சனலில் 1983 முதல் 2002 வரை, மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் லீக் வென்ற கேப்டன், எழுத நிறைய இருக்கிறது. லெட்லி கிங்கை எடுத்தால் டாட்டனம் ஆட்டங்களோடு முழங்கால் மருத்துவமும் படிக்க வேண்டியிருக்கும். கேரி நெவில் வேண்டாம். பெரும்பாலும் ரைட் பேக்காகவே ஆடி முடித்துவிட்டார், கீழ்க்கோட்டில் எழுத உங்களுக்கு அதிகம் இருக்காது.