வழவழப்பான தாளின் குறுக்குவெட்டு

களிமண் பூச்சுக் கொடுத்த அச்சுத் தாளான ஆர்ட் பேப்பரை விரலால் தடவினால் வழுக்கும். அதையே வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 5000 மடங்கு பெரிதாக்கினால், தாறுமாறாகக் கொட்டிய ஓடுகளைப்போல் கயோலின் களிமண்ணின் அறுகோணத் தகடுகளும், அவற்றினூடே கால்சியம் கார்பனேட் துகள்களும், எல்லாவற்றையும் பிணைக்கும் லேட்டக்ஸும் தெரியும்.

அச்சில் மை திட்டுத்திட்டாகப் படிந்த ஒரு தாளுக்குக் காரணம் தேடித்தான் இந்த வேலையில் இறங்கினேன். தாள் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கமோ கரியோ பூசாவிட்டால் எலக்ட்ரான்கள் தேங்கிப் படம் வெளிறிவிடும். நான் தங்கம் பூசியும், துண்டின் ஓரம் மின்சாரம் கடத்தும் ஒட்டுநாடாவிலிருந்து தூக்கிக்கொண்டு, எலக்ட்ரான்கள் வெளியேற வழியில்லாமல் இருந்ததைக் கவனிக்காததால், அரை நாள் வீணாயிற்று.

மின்னழுத்தத்திலும் ஏமாந்தேன். 15 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கற்றை ஆழமாக ஊடுருவுவதால், மெல்லிய தகடுகள் கண்ணாடித்தாள்போல் ஆகி, அடியில் இருப்பதெல்லாம் மேலே இருப்பதாகத் தோன்றியது. 2 கிலோவோல்ட்டுக்கு இறக்கிய பிறகுதான் மேற்பரப்பு தன் உண்மையான உருவில் தெரிந்தது. ஆனால் அந்தத் தெளிவான படத்திலும், திட்டு விழுந்த இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் வேறுபாடே இல்லை!

விடை குறுக்குவெட்டில் கிடைத்தது. தாளை எபாக்சி பிசினில் பதித்து, வெட்டுமுகத்தை ஆர்கான் அயனிக் கற்றையால் மெருகேற்றி, துண்டில் மோதித் திரும்பும் பின்சிதறல் எலக்ட்ரான்களைக் கொண்டு பார்த்தால், அணு எண் கூடிய கால்சியம் உள்ள துகள்கள் பளிச்சென்றும், கயோலின் சாம்பல் நிறத்திலும், நார்களும் லேட்டக்ஸும் கருமையாகவும் தனித்தனியே பிரிந்து நிற்கும். களிமண் பூச்சின் மேல்விளிம்பு ஏறத்தாழ நேர்கோடாக ஓட, அடிவிளிம்போ மேடும் பள்ளமுமாக இருந்தது. பூச்சுக் கலவையை வழிக்கும் பிளேடு பள்ளங்களை நிரப்பி, நார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மேடுகளில் கலவையைச் சுரண்டிவிடுகிறது; ஆகவே மேலே தெரியும் சமதளமே பூச்சின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் வந்ததுதான். பூச்சு மெலிந்த இடம் மையை உறிஞ்சும் விதமும் தடித்த இடம் உறிஞ்சும் விதமும் ஒன்றாக இருக்க முடியாது.

ஒரு குறுக்குவெட்டு காட்டுவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலம்தான். திட்டுகளோ அதைவிடப் பெரியவை. எனவே இப்போதெல்லாம் திட்டு விழுந்த பகுதியிலிருந்து ஐந்து துண்டுகள், நல்ல பகுதியிலிருந்து ஐந்து துண்டுகள் என வெட்டி, பின்புறத்தில் பென்சிலால் எண்ணிட்ட பிறகே பிசினைக் கலக்கிறேன்.