அப்லோட் வரிசையை அடக்கியதும் லேக் நின்றது

இப்போது அக்காவின் ஃபோனிலிருந்து கல்யாண வீட்டு வீடியோக்கள் கிளவுட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே வலோரன்ட் என்ற ஆன்லைன் சுடும் கேமில் ரேங்க் ஆட்டம் ஆட முடிகிறது. சிங்கப்பூர் சேர்வரில் பிங், அதாவது பாக்கெட் என்ற தரவுத் துண்டு ஒன்று போய் வரும் நேரம், 55 மில்லிவிநாடியில் நிற்கிறது, எகிறினால் 60. முன்பெல்லாம் இதே வேலை பின்னணியில் நடந்தால் 55 திடீரென்று 350 ஆகிவிடும். சுவருக்குப் பின்னால் முழுதாக மறைந்த பிறகும் செத்து விழுவேன். தலையைப் பார்த்துச் சுட்டது எதுவும் பதியாது. வெள்ளவத்தையில் ஃபைபர் இணைப்பு வைத்துக்கொண்டு இப்படி ஆடுவது சரியான கொடுமை.

லேக், அதாவது ஆட்டம் தாமதித்துத் திக்குவது, என்றதும் கிராஃபிக்ஸ் கார்டை மாற்று, ராம் கூட்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். விநாடிக்கு எத்தனை படம் என்று காட்டும் எஃப்பிஎஸ் 200க்குக் கீழே போகவே இல்லை, ஆகவே பழி கணினி மேல் இல்லை. அதை உறுதிப்படுத்த இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றதில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் விடாமல் பிங் ஓடவிட்டேன். அப்புறம் ஒரு பெரிய கோப்பை அப்லோட் பண்ணினேன். ரவுட்டருக்கான பிங் 1 மில்லிவிநாடியில் அசையாமல் நின்றது. வெளியே போவது 300ஐத் தாண்டியது. வீட்டுக்குள் இருக்கும் கேபிள் சுத்தம். வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில்தான் வரிசை கட்டுகிறது.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும். இணைப்புக்காரர் தரும் பெட்டி 256 கிலோபைட் அளவுக்குப் பாக்கெட்டுகளைத் தேக்கி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மெகாபிட் அப்லோட் வேகத்தில் அது காலியாக 200 மில்லிவிநாடி பிடிக்கும். வலோரன்ட் சேர்வர் விநாடிக்கு 128 தடவை கணக்குப் பார்க்கிறது, அதாவது ஒரு டிக் 8 மில்லிவிநாடிக்கும் குறைவு. நம் சூடு வரிசையில் காத்துக் கிடக்கும் நேரத்தில் சேர்வரில் 25 டிக் ஓடிப்போயிருக்கும்.

பிங்கை 55க்குக் கீழே கொண்டுவர நான் மினக்கெடவில்லை. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய் வரவே 27 மில்லிவிநாடி போய்விடும், கடலடிக் கேபிளும் நேராகப் போவதில்லை. பாதை தேவையில்லாமல் எங்கோ சுற்றிப் போனால் தவிர, காசு கேட்கும் கேம் பூஸ்டர்களால் இதில் எதையும் செய்ய முடியாது.

தீர்வு கேக் என்ற, பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் மென்பொருள். லினக்ஸ் கெர்னலில் 4.19இலிருந்து, அதாவது 2018இலிருந்து இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்க்யூஎம் பொதியை நிறுவினால் வந்துவிடும். அந்த மென்பொருளை ரவுட்டரில் ஏற்றுவதை, ஃபிளாஷ் பண்ணுவதைப் பற்றி எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி நிறையச் சாமானோடு நிற்பவருக்குப் பின்னால் ஒற்றைப் பாணோடு நிற்கும் ஆளை முன்னால் விடுகிற வேலையைத்தான் கேக் செய்கிறது. கேம் பாக்கெட்டுகள் சின்னவை, அந்தப் பாண்காரர் மாதிரி. இந்தப் பிரச்சினைக்காக வருடக்கணக்கில் போராடிய டேவ் டாட் 2025இல் இறந்துபோனார். பிங் நேர்கோடாக ஓடுவதைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

என் மாலை நேரங்களையெல்லாம் தின்றது ஒரே ஒரு எண்: கேக்குக்குக் கிலோபிட்டில் கொடுக்கவேண்டிய அப்லோட் வேகம். வேகச் சோதனை 10 மெகாபிட் காட்டுகிறது என்று 10,000 போட்டால் ஒன்றும் நடக்காது. வரிசை மறுபடியும் இணைப்புக்காரரின் பெட்டிக்குள்ளேயே கட்டும், அங்கே கேக்கின் சொல் எடுபடாது. வரிசை நம் ரவுட்டரில் கட்டவேண்டும், அதற்கு நாம் கொஞ்சம் குறைவாக அனுப்பவேண்டும். 9,500இல் பிங் 120 வரை எகிறியது. 9,000இல் பரவாயில்லை, ஆனால் இடையிடையே துள்ளல். அப்புறம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓவர்ஹெட், அதாவது மேலே சேரும் உறையின் சுமை, 44 பைட் என்று ஃபைபருக்கான அளவைக் கொடுத்தேன். துள்ளல் அடங்கியது, 9,200 வரை ஏற்றவும் முடிந்தது. சின்னப் பாக்கெட்டுகள் நிறையப் போகும்போது அந்த 44 பைட்டை எண்ணாமல் விட்டால் கணக்கு முழுதும் பிழைக்கும். அளப்பதை இரவு எட்டு, ஒன்பது மணிக்கே செய்யுங்கள். அதிகாலையில் கிடைக்கும் எண் அழகாக இருக்கும், ஆட்ட நேரத்தில் உதவாது.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் வேகமாகக் கடத்தும் ஃப்ளோ ஆஃப்லோடிங் இயங்கினால் பாக்கெட்டுகள் கேக்கைத் தொடாமலே போய்விடும், அதை நிறுத்துங்கள். மற்றது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் சம பங்கு வேண்டுமென்றால் நாட் (வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி முகவரியில் போகும் முறை) என்ற சொல்லையும் கேக்குக்குக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அக்காவின் ஃபோனும் என் கணினியும் அதற்கு ஒரே முகவரியாகத்தான் தெரியும். இணைப்புக்காரரின் பெட்டியில் இருக்கும் வைஃபையையும் அணைத்துவிட்டேன். வீட்டில் யாராவது அந்த வழியாகப் போனால் இவ்வளவு பாடும் வீண்.

ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் நெட்வொர்க் கேபிள் பற்றி ஒரு புலம்பல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் “தம்பி, இது கேட் 6 தான், நம்பி எடுங்கோ” என்று தந்ததைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு பூசிய அலுமினியம். வளைக்கும் இடத்தில் சீக்கிரம் முறியும், மின்தடையும் கூட. கடைசியில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில்தான் முழுச் செம்புக் கேபிள் கிடைத்தது. விலை கூடத்தான், ஆனால் கடைக்காரர் தானாகவே நுனியைச் சுரண்டிக் காட்டினார். இனி எனக்கு அந்தக் கடைதான். வைஃபையில் ஆடுபவர்களுக்குக் கேக் பாதிதான் உதவும், காற்றில் நடக்கும் சண்டையை அது தீர்க்காது.

தெஹிவளையில் இருக்கும் மச்சான் 4ஜி ரவுட்டரில் ஆடுகிறான். அவனுக்கு இந்த நிலையான எண் முறை ஒத்துவராது, டவரில் கூட்டம் கூடக் குறைய வேகமும் மாறும். கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் பிங்கைப் பார்த்துப் பார்த்து எண்ணைத் தானே மாற்றும். வார இறுதியில் அவன் வீட்டில் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். கரண்ட் போனால் ஆட்டத்தின் நடுவில் விழாமல் இருக்க ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ்ஸும் பார்த்து வைத்திருக்கிறேன்.

டவுன்லோட் பக்கம் இன்னும் முடியவில்லை. வந்து சேர்ந்த பாக்கெட்டை இங்கே தடுத்து அனுப்புபவரை மெதுவாக்கவேண்டியிருப்பதால், அங்கே இன்னும் கூடுதலாக விட்டுக்கொடுக்கவேண்டும். 100 மெகாபிட்டில் இப்போதைக்கு 85,000 போட்டிருக்கிறேன். யூடியூப் ஓடும்போது அசைவில்லை. கேம்களை இறக்கும் ஸ்டீம் பல இணைப்புகளைத் திறந்து இழுக்கும்போது பிங் 90ஐத் தொடுகிறது. அடுத்த பெரிய அப்டேட் வரும் அன்று 80,000க்கு இறக்கி, உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கான இங்க்ரெஸ் என்ற சொல்லையும் சேர்த்து ஓடவிடப் போகிறேன்.